கூட்டுக் கணக்கில் ஏறாத செலவு

சென்னையில் கப்பலேறினால், போர்ட் பிளேர் என்று நாம் சொல்லிப் பழகிய ஸ்ரீ விஜயபுரத்தை அடைய ஏறத்தாழ மூன்று நாள்கள் ஆகும். பதவி உயர்வோடு அங்கு மாற்றலாகும் ஒரு தாயிடம் உறவினர் முதலில் கேட்பது, "பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்?" என்பதுதான். அதே ஆணை தந்தைக்கு வந்தால் வாழ்த்து மட்டுமே கிடைக்கிறது.

இந்த வேறுபாட்டை நவீன நாடகம் கூர்ந்து நோக்கியிருக்கிறது. மகேஷ் தத்தானி ஆங்கிலத்தில் எழுதி, 1989இல் பெங்களூரில் மேடையேறிய 'டான்ஸ் லைக் எ மேன்' நாடகத்தில் ரத்னாவும் அவள் கணவன் ஜெயராஜும் பரதநாட்டியக் கலைஞர்கள். ஆண்மகன் ஆடுவதைப் பொறாத மாமனார் அம்ரித்லால், மகன் ஆட்டத்தைக் கைவிட மருமகள் துணைநின்றால் அவள் ஆடத் தடையில்லை என்கிறார். ரத்னா இசைகிறாள். அவள் புகழ் வளர, கணவனின் கலை மங்குகிறது. இரவு நிகழ்ச்சிகளின்போது கைக்குழந்தை சங்கர் ஆயாவின் பொறுப்பில் இருக்கிறான். அவன் அழாமல் உறங்க ஆயா அபின் கொடுத்ததை அறியாமல் ரத்னாவும் கொடுத்துவிட, குழந்தை இறந்துபோகிறது. அந்தத் துயரம் முதுமைவரை இருவருக்கும் இடையே நிற்கிறது.

1982இல் லண்டனில் அரங்கேறிய கேரில் சர்ச்சிலின் 'டாப் கேர்ள்ஸ்' நாடகத்திலோ, வேலைவாய்ப்பு நிறுவனமொன்றில் மார்லின் தலைமைப் பொறுப்புக்கு உயர்கிறாள். அவள் பெற்ற மகளை வளர்ப்பவள் ஊரில் துப்புரவு வேலை செய்யும் அக்கா ஜாய்ஸ். அந்தச் சிறுமிக்கு மார்லின் வெறும் சித்தி.

உயர விரும்பியது குற்றம் என்று இவ்விரு நாடகங்களும் சொல்லவில்லை. உயர்வின் விலையை ஏன் பெண்களே செலுத்துகிறார்கள் என்றே கேட்கின்றன. நம் விதிகளிலும் அக்கேள்விக்கு இடமுண்டு. மத்திய அரசின் பெண் ஊழியருக்குப் பணிக்காலத்தில் 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. ஆண்களில், தனியாகப் பிள்ளை வளர்க்கும் தந்தைக்கு மட்டுமே அது கிடைக்கும்.

வீட்டுக் கடனுக்குக் கணவனும் மனைவியும் சேர்ந்தே கையொப்பமிடுகிறார்கள். மாற்றலாணை வரும் நாளில் பிள்ளையின் பள்ளி, காய்ச்சல், தனிமை ஆகியவற்றுக்கும் இருவரும் பொறுப்பேற்கலாம். தீவுக்குப் புறப்படும் தாயின் பயணம் அப்போது சற்றே இலகுவாகும்.