வெள்ளி நாணயங்களை இனங்காணும் முறை



திண்டுக்கல்லுக்குப் பெயர் தேடித் தந்த பொருள்களுள் பூட்டும் ஒன்று. 2019-ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நம் ஊர்த் தொழிலாளி ஒருவர் கையால் செய்த பழைய பூட்டு ஒன்றைப் பழைய சாமான் கடைக்குக் கொண்டு சென்றால், கடைக்காரர் அதைத் தராசில் இட்டு எடைக்கு விலை சொல்வார். அதே பூட்டைத் தொழில் அறிந்த ஒருவரிடம் காட்டினாலோ, அவர் எடையைக் கேட்கமாட்டார். அதன் அமைப்பையும் வேலைப்பாட்டையும் ஆராய்ந்து விலை சொல்வார். பொருள் ஒன்று, விலை இரண்டு. இன்று நாம் எடுத்துக்கொண்ட வெள்ளி நாணயத்தின் கதையும் இதுவே.

வெள்ளி நாணயங்களை இருவகையாகப் பிரிக்கலாம். ஒருவகை, அதில் அடங்கிய வெள்ளிக்காகவே வாங்கி விற்கப்படுவது. அதன் விலை அன்றன்றைய வெள்ளி விலையை ஒட்டி ஏறும், இறங்கும். இதனைப் ‘புல்லியன்’ நாணயம் என்பர். மற்றொரு வகை, சேகரிப்போருக்காகவே தனிக் கவனத்துடன் அச்சிடப்படுவது. அதன் விலையில் வெள்ளி ஒரு பகுதி. வேலைப்பாடும் அருமையும் மறுபகுதி. இவ்விரண்டையும் பிரித்தறியாதவர் இரு வழியில் நட்டமடைகின்றனர். சேகரிப்பு நாணயத்தை உருக்கும் பட்டறைக்கு எடைக்குக் கொடுத்துவிடுவோர் ஒருசாரார். எடைக்கு மட்டுமே மதிப்புள்ள காசைப் பெருவிலை கொடுத்து வாங்குவோர் மற்றொருசாரார்.

முதலில் நம் வீட்டுப் பெட்டியிலிருந்தே தொடங்குவோம். பாட்டிமார் சேமித்து வைத்த பழைய ஒரு ரூபாய்க் காசுகள் பல வீடுகளில் உண்டு. 1835-ஆம் ஆண்டின் சட்டப்படி ஒரு ரூபாயின் எடை 180 கிரெயின். அதாவது ஒரு தோலா, இக்கால அளவில் ஏறத்தாழ 11.66 கிராம். பன்னிரண்டு பங்கில் பதினொரு பங்கு வெள்ளி. எனவே ஒரு காசில் உள்ள தூய வெள்ளி சுமார் 10.69 கிராம். இரண்டாம் உலகப் போரின்போது வெள்ளி அரிதாகவே, 1940-ஆம் ஆண்டில் இந்த அளவு ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கப்பட்டது. நூற்றுக்கு 50 பங்கு வெள்ளி, 40 பங்கு செம்பு, 5 பங்கு நிக்கல், 5 பங்கு துத்தநாகம் என்பது புதிய கலவை. எடை மாறவில்லை, அடங்கிய வெள்ளி மட்டும் 5.83 கிராமாயிற்று. போர் முடிந்தபின் வந்த ரூபாயிலோ வெள்ளி சிறிதும் இல்லை. 1947 என்ற ஆண்டும் புலி உருவமும் தாங்கிய அக்காசு முழு நிக்கல்.

பார்வைக்கு மூன்றும் வெண்மையே. ஆயினும் அவற்றைப் பிரித்தறிதல் கடினமன்று. ஆண்டைப் படியுங்கள். விளிம்பைப் பாருங்கள்: பாதி வெள்ளிக் காசின் விளிம்பில், கள்ளக் காசு செய்வதைத் தடுக்கும் பொருட்டு, வரிகளுக்கு நடுவே ஒரு பள்ளம் ஓடும். காந்தத்தை அருகில் கொண்டு செல்லுங்கள்: நிக்கல் காசு ஒட்டிக்கொள்ளும், வெள்ளி ஒட்டாது. ஆனால் ஒட்டாததெல்லாம் வெள்ளி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். செம்பும் ஈயமும்கூட ஒட்டுவதில்லை.

இனி விடுதலைக்குப் பின் வந்த காசுகள். 1969-ஆம் ஆண்டில் காந்தியடிகளின் நூற்றாண்டை ஒட்டிப் பத்து ரூபாய் வெள்ளி நாணயம் வெளியாயிற்று. அதன் எடை 15 கிராம். நூற்றுக்கு 80 பங்கு வெள்ளி. 1972-இல் விடுதலை வெள்ளிவிழாவுக்காக மற்றொரு பத்து ரூபாய் நாணயம் வந்தது. அதன் எடை 22.5 கிராம், ஆனால் 50 பங்கே வெள்ளி. கணக்கிட்டுப் பாருங்கள். முன்னதில் 12 கிராம் வெள்ளி; பின்னதில் 11.25 கிராம். உருவிலும் எடையிலும் பெரிய காசில் வெள்ளி குறைவு! கையில் ஏந்திப் பார்த்து மதிப்பிடுவது எத்துணைப் பிழையானது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுவதில்லை.

பின்னர்ப் பெரியோர்களின் நினைவாக நூறு ரூபாய் நாணயங்கள் பல வெளிவந்தன. அவற்றுள் பலவற்றின் எடை 35 கிராம், விட்டம் 44 மில்லிமீட்டர். கலவை எது தெரியுமா? 1940-இன் அதே பாதி வெள்ளிக் கலவைதான். ஆகவே அத்தகைய நாணயத்தில் உள்ள வெள்ளி 17.5 கிராம் மட்டுமே. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டு நினைவாக வந்த ஆயிரம் ரூபாய் நாணயமும் 35 கிராம் எடை உடையதே; ஆயினும் அதில் 80 பங்கு வெள்ளி இருப்பதால் அடங்கிய வெள்ளி 28 கிராம். அண்மையில் தூய வெள்ளியிலும் சில நினைவு நாணயங்கள் வந்துள்ளன. ஒவ்வொரு நாணயத்தின் அளவு, எடை, கலவை ஆகியன மத்திய அரசிதழில் அறிவிக்கப்படும். ஐயம் தோன்றினால் கடைக்காரர் சொல்லை அன்று, அரசிதழ் அறிவிப்பையே சான்றாகக் கொள்ள வேண்டும்.

இந்த நினைவு நாணயங்கள் சேகரிப்போருக்காகவே செய்யப்படுபவை. அவற்றிலும் இரு தரம் உண்டு. ஒன்று ‘ப்ரூஃப்’ எனப்படுவது. மெருகிட்ட வில்லையை மெருகிட்ட அச்சில் வைத்து, ஒருமுறைக்கு மேல் அழுத்தி எடுப்பர். வெற்றிடம் கண்ணாடிபோல் முகம் காட்டும்; உருவம் மட்டும் பனி படிந்தாற்போல் மங்கலாக எழுந்து நிற்கும். மற்றொன்று ‘அன்சர்குலேட்டட்’, அதாவது புழக்கத்திற்கு வராத காசு. அதில் இந்தக் கண்ணாடித் தன்மை இராது. மும்பை நாணயச் சாலையின் ப்ரூஃப் காசுகளில் ஆண்டின் கீழே முன்னாளில் ‘பி’ என்ற ஆங்கில எழுத்தும், பின்னாளில் ‘எம்’ என்ற எழுத்தும் இடம்பெற்றன. அச்சாலையின் பிற காசுகளில் சாய்சதுரக் குறியைக் காணலாம். ஐதராபாத்துக்கு விண்மீன்; நொய்டாவுக்குப் புள்ளி; கொல்கத்தாவுக்குக் குறியே இல்லை. இவ்விரு தரத்திலும் வெள்ளி ஒன்றே. வேறுபடுவது வேலைப்பாடும் விலையுமே.

ஒரே நாணயம் எடைக்காகவும் சேகரிப்புக்காகவும் இருவேறு வடிவில் வருவதைத் தெளிவாகக் காண அமெரிக்க நாட்டின் ‘சில்வர் ஈகிள்’ நாணயம் உதவும். 1986-ஆம் ஆண்டு முதல் வரும் அதன் எடை ஒரு டிராய் அவுன்சு வெள்ளி, அதாவது 31.1 கிராம். எடைக்காக விற்கப்படும் காசில் நாணயச் சாலையின் குறி இராது. சேகரிப்போருக்கான காசில் ஊரைக் குறிக்கும் எழுத்து இருக்கும். வெஸ்ட் பாயின்ட் சாலைக்கு ‘டபிள்யூ’, சான் பிரான்சிஸ்கோவுக்கு ‘எஸ்’. 2006 முதல் கண்ணாடி மெருகு இல்லாத சேகரிப்புக் காசு ஒன்றும் வருகிறது. அது எடைக் காசைப் போலவே தோன்றும். அந்தச் சிறு எழுத்தே இரண்டையும் பிரித்துக் காட்டும். ஒரே எடை, ஒரே வெள்ளி, விலையோ வேறு.

நகைக்கடைகளில் இலக்குமி, பிள்ளையார் உருவங்களோடு விற்கப்படும் வெள்ளி வட்டங்கள் எந்த வகை என்று நீங்கள் கேட்கலாம். வழக்கில் அவற்றையும் காசு என்கிறோம். ஆயினும் அரசின் சிங்க முத்திரையும் ரூபாய் மதிப்பும் இல்லாத அவை சட்டப்படி நாணயம் ஆகா. அவை வெள்ளிப் பதக்கங்களே. அவற்றில் 999 என்று பொறித்திருந்தால் ஆயிரத்தில் 999 பங்கு வெள்ளி என்பது பொருள். அவற்றை வெள்ளியின் எடைக்கே வாங்குவோம், எடைக்கே விற்போம்; அதில் பிழை இல்லை. அருமைப்பொருள் என்று எண்ணிக் கூடுதல் விலை கொடுப்பதுதான் பிழை.

ஆகவே ஒரு வெள்ளிக் காசு கையில் வந்தால் ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். ரூபாய் மதிப்பும் அரசு முத்திரையும் உண்டா? ஆண்டு எது? எடையும் கலவையும் எவ்வளவு. அடங்கிய தூய வெள்ளி எத்தனை கிராம்? நாணயச் சாலையின் குறி எது? அச்சிட்ட தரம் ப்ரூஃபா, அன்றா? மூன்றாம் கேள்வியின் விடையை அன்றைய வெள்ளி விலையால் பெருக்குங்கள். கேட்கும் விலைக்கும் அதற்கும் உள்ள இடைவெளியே வேலைப்பாட்டுக்கும் அருமைக்கும் நீங்கள் கொடுப்பது. அந்த இடைவெளிக்கு மற்ற விடைகளில் காரணம் இருந்தால் வாங்கலாம். இல்லையேல் கைவிடுவதே அறிவுடைமை.

இரண்டு எச்சரிக்கைகள். சேகரிப்பு நாணயத்தைப் புளியோ சாம்பலோ இட்டுத் தேய்க்காதீர்கள். குத்துவிளக்குக்கு ஏற்ற அந்த முறை நாணயத்துக்குப் பகை. கண்ணாடிப் பரப்பில் ஒரு கீறல் விழுந்தால் வேலைப்பாட்டின் விலை போய்விடும். எடையின் விலையே எஞ்சும். அடுத்து, பழைய காசுக்கு இலட்சக்கணக்கில் தருவதாகக் கைப்பேசியில் வரும் விளம்பரங்களை நம்பி முன்பணம் கட்டாதீர்கள். தன் பெயரைச் சொல்லிப் பழைய நாணய வாணிகத்துக்குக் கட்டணம் கேட்கும் மோசடிக்காரரிடம் எச்சரிக்கையாய் இருக்குமாறு இந்திய ரிசர்வ் வங்கியே 2021-ஆம் ஆண்டில் அறிவித்தது.

பள்ளியில் நீங்கள் கற்ற விழுக்காட்டுக் கணக்கும் காந்தப் பாடமும் தேர்வுக்கு மட்டும் உரியவை அல்ல. குடும்பத்தில் பணமுடை நேர்ந்து, பாட்டியின் பெட்டியிலிருந்து ஒரு காசு பட்டறைக்குப் புறப்படும் நாள் வரலாம். அன்று அக்கல்வி வீட்டுக்கு உதவ வேண்டும். உருக்கிய காசை மீண்டும் பெற முடியாது. ஆதலால் தராசில் இடுமுன் அதைத் திருப்பிப் பார்த்து, ஆண்டையும் குறியையும் படித்துச் சொல்லும் பிள்ளை ஒருவர் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கட்டும்.