4/3 'தகாத' எண்ணா? மாங்காய் விலையை வைத்து ஒரு எளிய விளக்கம்

ஆந்திராவில், சித்தூரிலிருந்து பலமநேர் போகும் வழியில் பங்காருபாளையம் மாங்காய் மண்டி இருக்கிறது. 2025 சீசனில் தோத்தாபுரி விலை சரிந்தது. நம்ம ஊரில் கிளிமூக்கு என்போமே, அதேதான். கிலோவுக்கு 12 ரூபாய் கிடைக்க வேண்டும் என்றது மாநில அரசு. அதில் 8 ரூபாய் கூழ் ஆலைகள் தர வேண்டும். 4 ரூபாய் அரசு மானியம். ஆலைகளிடமிருந்து அந்த 8 ரூபாயே முழுசாக வரவில்லை என்பது விவசாயிகளின் புகார்.

இந்தக் கணக்கை ஒரு எண்கோட்டில் வைத்துப் பார்ப்போமா?

கோடு போடுங்கள்

இடது ஓரம் 0. அறிவித்த 12 ரூபாய்தான் 1. நடுவில் உள்ள தூரத்தை மூன்று சம பங்காக்குங்கள். ஒரு பங்கு 4 ரூபாய், அதாவது 1/3. கீழே இருக்கும் 3, ஒரு முழுமையை எத்தனை பங்காக்கினோம் என்று சொல்கிறது. மேலே இருக்கும் எண், 0-விலிருந்து எத்தனை பங்கு நடந்தோம் என்று சொல்கிறது.

தகு பின்னம், தகா பின்னம்

ஆலை தர வேண்டிய 8 ரூபாய் 2/3. இது 1-க்கு முன்னாலேயே நின்றுவிடுகிறது. எனவே தகு பின்னம். மானியமும் சேர்ந்தால் 3/3, சரியாக 1. சந்தை விலை 16 ரூபாய்க்கு ஏறினால் 4/3. 3/3, 4/3 இரண்டுமே தகா பின்னங்கள்தான். பெயரைப் பார்த்து பயப்பட வேண்டாம், அதில் தப்பு எதுவும் இல்லை. 1-ஐத் தொட்டுவிட்டது, அல்லது தாண்டிவிட்டது, அவ்வளவுதான். ஆபீஸ் டார்கெட்டில் 125% முடித்தால் அது 5/4. நம்ம பேச்சில் ஒன்றேகால்.

எங்கே சறுக்குகிறோம்?

4/3-ஐக் குறிக்கச் சொன்னால் பலரும் 0 முதல் 2 வரை உள்ள மொத்த தூரத்தை மூன்றாகப் பிரித்துவிடுகிறார்கள். அது தவறு. 0 முதல் 1 வரை மூன்று, 1 முதல் 2 வரை இன்னொரு மூன்று. 1-ஐத் தாண்டி ஒரு பங்கு போனால் 4/3, அதாவது 1⅓.

'1' எது என்பதை மறந்தால் நிஜக் கணக்கும் சறுக்கும். ஆலை 4 ரூபாய் மட்டும் தந்தால், மானியத்தோடு சேர்த்து விவசாயி கையில் 8 ரூபாய். "ஆலை விலை 8 வந்துவிட்டதே, முழுசும் கிடைத்தது" என்று ஒருவர் சொல்லலாம். ஆனால் 12 ரூபாய் கோட்டில் அவர் நிற்பது 2/3-ல்.

அடுத்த முறை யாராவது "முக்கால்வாசி கொடுத்தாச்சு" என்றால், முதலில் கேளுங்கள்: எதில் முக்கால்?