ஊர் ஒன்று, வரி பல: கோப்பைப் படிக்கும்போதே தொகுப்பது

சோழர் கல்வெட்டுகளைப் படிக்கும்போது குறிப்பெடுத்து வைப்பது என் பழக்கம். ஒரு கல்வெட்டுக்கு ஒரு வரி: ஊர், அரசன் பெயர், ஆட்சியாண்டு, சுருக்கமாகச் செய்தி. எல்லாம் ஒரே சிஎஸ்வி கோப்பில். எந்த ஊரில் எத்தனை குறித்திருக்கிறேன் என்று பார்க்க பைத்தானில் ஒரு சின்ன நிரல் எழுதினேன். பத்து வரிகூட இருக்காது. எந்தப் பிழையும் காட்டாமல் ஓடியது. பார்த்தால், உத்திரமேரூருக்கு நேராக 1 என்று இருக்கு!

அது எப்படி? தேர்தல் விதிகளைச் சொல்லும் முதலாம் பராந்தகனின் கல்வெட்டே அங்கே இரண்டு: 12ஆம் ஆட்சியாண்டில் ஒன்று, 14ஆம் ஆட்சியாண்டில் ஒன்று. இரண்டையும் நான்தான் கோப்பில் சேர்த்தேன். தெரிந்த ஊர் என்பதால் தப்பித்தேன். தெரியாத ஊராக இருந்திருந்தால் அந்த 1-ஐ நம்பி ஒரு கட்டுரையே எழுதியிருப்பேன்.

முதல் தப்பு: அடுத்தடுத்து வந்தால்தான் குழு

நான் பயன்படுத்தியது ஐடர்டூல்ஸில் இருக்கும் 'குரூப்-பை'. எஸ்க்யூஎல் பழகியவர்களுக்கு இந்தப் பெயரே ஒரு பொறி. எஸ்க்யூஎல்லில் அது அட்டவணை முழுக்கத் தேடி ஒரே மாதிரியானவற்றைச் சேர்க்கும். பைத்தானின் இந்த ஃபங்ஷன் அப்படியில்லை. அடுத்தடுத்து வரும் வரிகளை மட்டும்தான் சேர்க்கும். நடுவில் வேறு ஊர் வந்தால் குழு முடிந்தது.

என் கோப்பு இந்த வரிசையில் இருக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்:

உத்திரமேரூர்
உத்திரமேரூர்
திருவையாறு
கொடும்பாளூர்
உத்திரமேரூர்
கொடும்பாளூர்

மூன்று ஊர். ஆனால் கிடைப்பது ஐந்து குழு. அதோடு விட்டிருந்தால் திரையில் பார்த்ததுமே புரிந்திருக்கும். நான் அந்த எண்ணிக்கைகளை ஒரு டிக்‌ஷனரியில் போட்டேன். டிக்‌ஷனரியில் ஒரு சாவிக்கு ஒரு மதிப்புதான். பின்னால் வந்த உத்திரமேரூர் 1, முன்னால் இருந்த 2-ஐ அழித்துவிட்டு உட்கார்ந்துகொண்டது. ஆறு வரி மூன்றாகிவிட்டது, சத்தமே இல்லாமல்.

சரியான வழி ரொம்ப எளிது:

ஒவ்வொரு வரியாகப் படி
அதிலிருந்து ஊர்ப்பெயரை எடு, அதுதான் சாவி
அந்தச் சாவி டிக்‌ஷனரியில் இல்லையென்றால், அதற்கு ஒரு வெற்றுப் பட்டியல் வை
வரியை அந்தப் பட்டியலில் சேர்

அவ்வளவுதான். கோப்பை ஒரே தடவை படித்தால் போதும், வரிசைப்படுத்தவும் வேண்டாம். 'டீஃபால்ட்-டிக்ட்' பயன்படுத்தினால் மூன்றாவது படியும் மிச்சம். கோப்பு நினைவகத்தில் அடங்காத அளவு பெரிது என்றால் மட்டும், முதலில் வரிசைப்படுத்திவிட்டு அந்தக் குரூப்-பையிடம் போகலாம். ஒரு நேரத்தில் ஒரு குழுவை மட்டும் கையில் வைத்திருந்தால் போதும்.

ஒரு சோதனை: குழுக்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் கோப்பின் வரி எண்ணிக்கை வரவேண்டும். இதைச் செய்திருந்தால் முதல் நாளே மாட்டியிருக்கும்.

இரண்டாவது தப்பு: கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு

நிரலைத் திருத்தி ஓட்டினேன். கூட்டுத்தொகை சரி. ஆனால் கொடும்பாளூர் இரண்டு தடவை வந்தது! எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டேன், ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

குறியீடுகளை அச்சிட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது. 'கொ' என்பதை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றே ஒன்று. அல்லது ககரத்தோடு ஒற்றைக் கொம்பு, பிறகு துணைக்கால். திரையில் இரண்டும் ஒன்றுதான். என் குறிப்புகளில் ஒரு பகுதி பழைய எழுத்துருவிலிருந்து மாற்றியது, அதிலிருந்து வந்த வினை. 'சோழன்', 'கோயில்' எல்லாவற்றுக்கும் இதே கதை.

இதற்கு மருந்து, சாவியாக ஆக்குமுன் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றுவது. பைத்தானில் 'யூனிகோட்டேட்டா' இதைச் செய்யும். முன்பின் இருக்கும் வெற்றிடத்தையும் நீக்கிவிடுங்கள். ஆனால் 'உத்தரமேரூர்' என்று நான் ஒரு இடத்தில் எழுதியதை என்எஃப்சி சரி செய்யாது. 'ௌ' வரவேண்டிய இடத்தில் கொம்பும் 'ள' எழுத்தும் தட்டியிருந்தாலும் சரி செய்யாது. அதற்குச் சாவிகளை அகர வரிசையில் அச்சிட்டு, கண்ணால்தான் பார்க்கணும்.

மூன்றாவது தப்பு: ஒரே பெயர், வேறு ஆள்

இது எந்தச் சோதனையிலும் மாட்டாது. ஊர் முடிந்தது, அரசன் பெயரால் தொகுக்கலாம் என்று போனேன். 'ராஜகேசரி' பெரிய குழுவாக வந்தது. எவ்வளவு நீண்ட ஆட்சி என்று ஒரு நொடி அசந்துபோனேன்.

அப்படி ஒரு அரசன் இல்லை. சோழர்கள் ராஜகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாறி மாறிச் சூடியவர்கள். முதலாம் ஆதித்தன், கண்டராதித்தன், சுந்தர சோழன், முதலாம் ராஜராஜன் எல்லாருமே ராஜகேசரிகள்தான். பல கல்வெட்டுகளில் பட்டமும் ஆட்சியாண்டும் மட்டுமே இருக்கும். அது யார் என்பதை எழுத்தமைதி, குறிப்பிடப்படும் ஆட்கள் போன்றவற்றை வைத்து அறிஞர்கள் முடிவு செய்கிறார்கள். என் நிரல் நாலு பேரை ஒரே ஆளாக்கிவிட்டது.

இப்போது கோப்பில் இரண்டு பத்தி வைத்திருக்கிறேன். ஒன்றில் கல்வெட்டு சொல்வது, அதைத் தொடுவதே இல்லை. இன்னொன்றில் 'யார்' என்ற அடையாளம். முடிவாகாதவற்றுக்கு 'ஐயம்' என்று குறி. தொகுப்பது இரண்டாவது பத்தியை வைத்துத்தான். ஐயத்துக்குரியவை தனிக் குழுவாக நிற்கும், வேறு யாருடைய கணக்கிலும் சேராது.

தொகுப்பது கணினிக்கு ஒரு வேலையே இல்லை. எது எதோடு ஒன்று என்று சொல்வதுதான் வேலை, அதை நாம்தான் செய்யணும். உங்கள் கோப்பில் இருப்பது கல்வெட்டோ, வாடிக்கையாளர் பட்டியலோ, தொகுத்த கணக்கை நம்புவதற்கு முன் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சாவியை எடுத்து எண்ணிப் பாருங்கள். எனக்கு உத்திரமேரூர் அகப்பட்டது.