பெல்லந்தூர்ச் சேறும் வடதுருவச் சேறும்

2018 ஜனவரி 19ஆம் தேதி பெங்களூரின் பெல்லந்தூர் ஏரி எரிந்தது. சுமார் 5,000 ராணுவ வீரர்கள் இறங்கியும் தீ முழுதாக அடங்க ஒரு நாளுக்கு மேல் ஆனது. 2017 பிப்ரவரியிலும் எரிந்த ஏரிதான் அது. 2015 மே மாதம் அதன் நுரையே பற்றிக்கொண்டது. டிவியில் பார்த்துவிட்டு ஊரிலிருந்து அத்தை போன் செய்தார். “தண்ணி எப்படிடா எரியும்?” அன்று எனக்குச் சரியான பதில் சொல்லத் தெரியவில்லை.

கரையில் குப்பைக்கு வைத்த நெருப்பு, காய்ந்த புல், கழிவுநீரோடு வந்த எண்ணெய், அடிச்சேற்றிலிருந்து எழும் மீத்தேன் என்று பல காரணங்கள் அப்போது பேசப்பட்டன. எதற்கு எவ்வளவு பங்கு என்பதில் இன்றும் ஒரே கருத்து இல்லை. ஆனால் அந்தச் சேற்றுக்குள் மீத்தேன் உருவாகிறது என்பதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. நகரத்தின் கழிவுநீரில் ஏறத்தாழ 40 சதவீதம் வந்து சேர்ந்த ஏரி அது. ஆக்சிஜன் இல்லாத சேற்றில், மக்கும் பொருளைத் தின்று மீத்தேனை வெளிவிடும் ஆர்க்கியா என்ற நுண்ணுயிர்களுக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. சாண எரிவாயுக் கலனிலும் நெல் வயலிலும் மாட்டு வயிற்றிலும் வேலை செய்வது இவற்றின் கூட்டம்தான்.

தமிழர்களுக்கு ‘மீத்தேன்’ என்றதும் காவிரி டெல்டாதான் நினைவுக்கு வரும். இயற்கை வேளாண்மைக்காகப் போராடிய நம்மாழ்வார் 2013 டிசம்பர் 30ஆம் தேதி பட்டுக்கோட்டை அருகே உயிர்விட்டது, அங்கே மீத்தேன் எடுக்கும் திட்டத்துக்கு எதிரான பிரசாரத்தின் நடுவில்தான். அது பழைய நிலக்கரிப் படுகையில் அடைபட்ட வாயு. நான் இங்கே சொல்ல வந்தது நீருக்கு அடியில் கிடக்கும் சேற்றின் வாயுவை. அதைத் தேடி வடதுருவம் வரை கப்பல்கள் போகின்றன.

அங்கே போகக் காரணம் ஹைட்ரேட். கடும் குளிரும் மேலிருந்து அழுத்தும் நீரின் பாரமும் சேர்ந்தால், நீர் மூலக்கூறுகள் கூண்டு கட்டி மீத்தேனை உள்ளே சிறைவைத்துவிடும். பார்ப்பதற்குப் பனிக்கட்டி போலவே இருக்கும், தீக்குச்சி காட்டினால் எரியும். ஒரு கன மீட்டர் ஹைட்ரேட்டில் சுமார் 160 கன மீட்டர் வாயு அடங்கியிருக்கிறது. கடல் சூடேறி இந்தக் கூண்டுகள் உடைந்தால் என்ன ஆகும் என்பதே விஞ்ஞானிகளின் கவலை. 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், கார்பன் டை ஆக்சைடைவிட மீத்தேன் பூமியைச் சுமார் 80 மடங்கு அதிகமாகச் சூடேற்றும்.

2008இல் ‘ஜேம்ஸ் கிளார்க் ராஸ்’ என்ற பிரிட்டிஷ் ஆய்வுக் கப்பல், நார்வேக்கு வடக்கே ஸ்வால்பார்ட் தீவுகளின் மேற்குக் கரையோரம் எதிரொலிக் கருவியை ஓட்டியபோது, கடல்தளத்திலிருந்து 250க்கும் மேற்பட்ட குமிழித் தாரைகள் எழுவது திரையில் தெரிந்தது. கிழக்கு சைபீரியக் கடலின் ஆழமற்ற பகுதியிலிருந்து ஆண்டுக்கு 80 லட்சம் டன் மீத்தேன் காற்றில் கலக்கிறது என்று 2010இல் ஒரு குழு எழுதியது. சில ஆண்டுகளில் அதையே 1.7 கோடி டன்னாக உயர்த்தியது. 2014இல் ஸ்வீடனின் ‘ஓடன்’ பனி உடைக்கும் கப்பலில் போன குழு காற்றில் நேரடியாக அளந்தபோது கிடைத்த கணக்கு சுமார் 30 லட்சம் டன். ஒரே கடலுக்கு மூன்று கணக்குகள். யாரும் பொய் சொல்லவில்லை. எப்போது போனார்கள், எங்கே நின்றார்கள், எப்படி அளந்தார்கள் என்பதைப் பொறுத்து எண் மாறுகிறது.

அளப்பது எப்படி நடக்கிறது என்பதைப் பார்க்க வடதுருவம் போக வேண்டியதில்லை. நம் கடலிலேயே நடந்திருக்கிறது. 2006 ஏப்ரல் 28ஆம் தேதி மும்பையிலிருந்து கிளம்பிய ‘ஜோய்டெஸ் ரெசல்யூஷன்’ துளைக் கப்பல், அரபிக்கடல், வங்கக்கடல், அந்தமான் என்று 21 இடங்களில் பணி செய்து ஆகஸ்ட் 19ஆம் தேதி சென்னையில் பயணத்தை முடித்தது. துளைக்குழாயில் நீள உருளையாக வெட்டி எடுக்கும் சேறு மேல்தளத்துக்கு வந்ததும் எல்லோரும் ஓடுவார்கள். மேலே அழுத்தம் குறைவு, சூடும் அதிகம், ஹைட்ரேட் அந்த நிமிடத்திலிருந்தே கரையத் தொடங்கிவிடும். கரையும்போது சுற்றியுள்ள வெப்பத்தை அது உறிஞ்சுவதால், அகச்சிவப்புக் கேமராவை உருளை நெடுகிலும் நகர்த்தினால் ஹைட்ரேட் இருக்கும் இடம் மட்டும் குளிர்ந்த புள்ளியாகத் தெரியும். அந்தத் துண்டை உடனே அறுத்தெடுத்துத் திரவ நைட்ரஜனில் போடுவார்கள். மீதிச் சேற்றில் ஊசிக்குழலால் கொஞ்சம் எடுத்து, கண்ணாடிக் குப்பியில் உப்புநீரோடு அடைத்து, மேலே தேங்கும் வாயுவை, வாயுக்களைப் பிரித்து அளக்கும் குரோமட்டோகிராஃப் கருவிக்குக் கொடுப்பார்கள். ஹைட்ரேட் கரைந்துபோன சேறு கையில் கூழாகக் குழையும்.

அந்தப் பயணத்தில் கிருஷ்ணா–கோதாவரிப் படுகையில் ஓரிடத்தில் 128 மீட்டர் தடிமனுக்குக் களிமண்ணின் வெடிப்புகளில் ஹைட்ரேட் கிடைத்தது. அந்தமானில் கடல்தளத்துக்குக் கீழே சுமார் 600 மீட்டர் வரை, எரிமலைச் சாம்பல் அடுக்குகளில் இருந்தது. பிறகு 2018இல் கோவாவின் தேசிய கடலியல் கழகம் ‘சிந்து சாதனா’ கப்பலில் போய், அதே கிருஷ்ணா–கோதாவரிப் படுகையில் சுமார் 1,750 மீட்டர் ஆழத்தில் மீத்தேன் கசியும் இடத்தையே கண்டுபிடித்தது. சூரிய வெளிச்சமே எட்டாத அந்த ஆழத்தில் மட்டிகளும் குழாய்ப் புழுக்களும் மீத்தேனை நம்பிக் குடியிருக்கின்றன.

இங்கேதான் எனக்கு வியப்பு. கசியும் இடத்துச் சேற்றை எடுத்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அந்த நாற்றம்தான் நம் காவல். கடல்நீரில் சல்பேட் நிறைய உண்டு. சேற்றின் மேலடுக்கில் ஒருவகை ஆர்க்கியாவும் பாக்டீரியாவும் கூட்டுச் சேர்ந்து, அந்த சல்பேட்டைப் பயன்படுத்தி, ஆக்சிஜனே இல்லாமல் மீத்தேனைத் தின்றுவிடுகின்றன. மிச்சமாக வருவது ஹைட்ரஜன் சல்பைடு. கீழிருந்து வரும் மீத்தேனில் மிகப் பெரும்பங்கு இந்த அடுக்கைத் தாண்டுவதில்லை. தப்பிவரும் குமிழிகளும் நூற்றுக்கணக்கான மீட்டர் நீரில் ஏறும்போதே கரைந்துபோகும். 2014 கோடையில் ஸ்வால்பார்ட் கடலுக்கு மேல் விமானத்திலும் கப்பலிலும் அளந்தவர்கள், அடியில் அத்தனை தாரை எழுந்தும் காற்றில் குறிப்பிடும்படி எதுவும் கூடவில்லை என்று கண்டார்கள். அங்குள்ள சேற்றைத் துளைத்துப் பார்த்த இன்னொரு குழு, கசிவு தொடங்கியது நம் காலத்தில் அல்ல, சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன்பே என்று சொன்னது. பனிப்பாளம் உருகி, பாரம் இறங்கிய கடல்தளம் மெல்ல உயர்ந்ததால் அழுத்தம் குறைந்திருக்கிறது. இதனால் வடதுருவத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சைபீரியா போல ஆழம் குறைந்த கடலில் குமிழி கரைய நேரம் இல்லை.

பெல்லந்தூரை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே இந்தக் காவல் எதுவுமே இல்லை. ஏரிநீரில் சல்பேட் கடலோடு ஒப்பிட்டால் அற்பம். கழிவுநீர் ஆக்சிஜனைக் குடித்துவிட்டதால், ஆக்சிஜனைக் கொண்டு மீத்தேனைத் தின்னும் பாக்டீரியாவுக்கும் வழியில்லை. ஆழமோ சில மீட்டர்தான். சேற்றில் பிறந்த குமிழி சில நொடிகளில் காற்றுக்கு வந்துவிடும். ஆர்க்டிக் பற்றிய செய்திகளைப் பதற்றத்தோடு படிக்கும் நாம், பஸ் ஜன்னலைச் சாத்திக்கொண்டு இந்த ஏரிகளைக் கடந்துபோகிறோம். அது தவறு என்றே நினைக்கிறேன்.

வடதுருவம் நமக்கு அந்நியமும் இல்லை. 2014 ஜூலையில் ஸ்வால்பார்டின் ஃபியோர்டு ஒன்றில் சுமார் 190 மீட்டர் ஆழத்தில் இந்தியா நிறுத்திய ‘இண்ட்ஆர்க்’ மிதவைத் தொகுதி, நீரின் வெப்பத்தையும் உப்பையும் ஆண்டு முழுவதும் பதிவு செய்யும் கருவி. அதன் உருவாக்கத்தில் சென்னை பள்ளிக்கரணையிலுள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகத்துக்குப் பங்கு உண்டு. பக்கத்திலேயே பெருங்குடிக் குப்பைமேடு. அங்கும் 2022இல் பல நாள் தீ எரிந்தது. 2023 டிசம்பரில் இந்தியாவின் முதல் குளிர்காலப் பயணம் ஸ்வால்பார்டிலுள்ள ‘ஹிமாத்ரி’ நிலையத்துக்குப் போனபோது, பெங்களூர் ராமன் ஆய்வுக் கழகத்தினரும் அதில் இருந்தார்கள். அவர்கள் தேடியது வானொலி இரைச்சல் குறைந்த இடத்தை.

பெல்லந்தூரின் நீர் வர்த்தூர் ஏரிக்குப் போய், அங்கிருந்து தென்பெண்ணையில் கலந்து, ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் நுரைத்து, கடைசியில் கடலூர் அருகே வங்கக்கடலில் சேர்கிறது. பெங்களூரின் ஏரிகளை இந்திய அறிவியல் கழகத்தின் டி.வி. ராமச்சந்திரா குழு பல ஆண்டுகளாக ஆராய்ந்து அறிக்கைகள் வெளியிட்டு வருகிறது. அந்த வேலை ஒரு குழுவோடு நிற்கக் கூடாது. பெங்களூரிலும் ஓசூரிலும் வேதியியல் கற்பிக்கும் கல்லூரி ஆசிரியர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: மாணவர்களைக் கூட்டிக்கொண்டு உங்கள் ஊர் ஏரிக்குப் போங்கள். நீர்மேல் கவிழ்த்து மிதக்கவிட ஒரு வாளி, ஓர் ஊசிக்குழல், இறுக மூடும் சில கண்ணாடிக் குப்பிகள் போதும். வாயுவை அளக்கும் குரோமட்டோகிராஃப் நகரத்தின் பல ஆய்வுக்கூடங்களில் ஏற்கெனவே இருக்கிறது.