பரம்பரையலகும் வாழ்வும்: கொழும்பு இரட்டையர் ஆய்வு

உளச்சோர்வு பரம்பரையாக வருவதா, வாழ்க்கை தருவதா என்ற கேள்விக்கு மேலைநாட்டுத் தரவுகளே பெரும்பாலும் விடையாகக் காட்டப்பட்டுவந்த காலத்தில், ஹெவ்லொக் டவுன், வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை யாவும் அடங்கிய கொழும்பு மாவட்டத்திலேயே இரட்டையரைத் தேடிச் சென்று விசாரித்தது, உளமருத்துவர் அதுல சுமதிபாலவும் லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்களும் சேர்ந்த குழு. உளச்சோர்வு பற்றிய அதன் முடிவுகள் 2009இல் வெளியாயின.

ஆய்வின் அடிப்படை எளியது. கருவுற்ற ஒரே முட்டை இரண்டாகப் பிரிந்து பிறக்கும் ஒரு நுக இரட்டையர் பரம்பரையலகுகளில், அதாவது மரபணுக்களில், ஏறத்தாழ முழுமையாக ஒத்திருப்பர். இரு நுக இரட்டையரோ, மனிதருக்கு மனிதர் வேறுபடும் பரம்பரையலகுகளில் சராசரியாகப் பாதியையே பகிர்வர். இரு வகையினரும் ஒரே வீட்டில் ஒரே உலைச் சோற்றை உண்டு வளர்வதால், முன்னவரிடம் கூடுதலாகத் தென்படும் ஒற்றுமை பரம்பரையலகின் கணக்கில் சேர்கிறது.

அவ்வாறு கணித்தபோது, பரந்த வரையறையிலான உளச்சோர்வில் பரம்பரையின் பங்கு பெண்களிடையே 61 சதவீதமாகவும் ஆண்களிடையே 4 சதவீதமாகவும் வந்தது. ஆனால், இந்த இடைவெளியை வைத்துப் பெண்கள் இயல்பிலேயே சோர்வுக்குப் பிறந்தவர்கள் என்று முடிவுகட்டுவது பெருந்தவறு. 61 என்பது ஒரு பெண்ணின் துயரத்தில் பெற்றோர் வழி வந்த பங்கன்று. அந்தச் சூழலில் வாழும் பெண்களுக்கிடையே காணப்படும் வேறுபாட்டில் பரம்பரை விளக்கக்கூடிய பங்கே அது. சூழல் மாறினால் அந்த எண்ணும் மாறக்கூடும்.

பரம்பரையலகு தனித்து இயங்குவதுமில்லை. கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் மைக்கல் மீனியின் குழு 2004இல் வெளியிட்ட ஆய்வில், தாய் அதிகம் நக்கிப் பராமரித்த எலிக்குட்டிகளின் மூளையில், மனஅழுத்த ஓமோனைக் கட்டுப்படுத்த உதவும் ஒரு பரம்பரையலகின் மீது மீதைல் எனும் இரசாயனக் கூட்டங்கள் குறைவாகப் படிந்திருந்தன. அதனால் அது கூடுதலாக இயங்கியது. குட்டிகளைத் தாய் மாற்றி வளர்த்தபோது, பெற்ற தாயைவிட வளர்த்த தாயின் பராமரிப்பே அந்தப் பதிவைத் தீர்மானித்தது.

ஆகவே, கலியாணப் பேச்சில் குறையாகிவிடுமென்று அஞ்சி வீட்டுக்குள் ஒருவரின் உளச்சோர்வை மறைத்துவைக்கும் குடும்பங்கள், பரம்பரையைத் தலையெழுத்தாகக் கருதுவதைக் கைவிட வேண்டும். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தை இரவிலும் பகலிலும் அழைக்கலாம்.