கார்ப் பட்டை பெயர்கிறதா?

கார்க் கதவின் வெளியே ஓடும் பிளாஸ்டிக் பட்டையின் முனை பெயர்ந்தால், "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விடாதீர்கள், சகோதரிகளே! வேகத்தில் பிய்ந்து பறந்தால், பின்னால் ஸ்கூட்டரில் குழந்தையோடு வருகிறவர் கதி என்ன?

நான் செய்வது இதுதான். நைலான் நூலைப் பட்டைக்குப் பின்னால் விட்டு, ரம்பம் மாதிரி இழுத்துக் கழற்றுவேன். பழைய பசையை எடுத்துவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் சம அளவு தண்ணீர் கலந்து இரு பக்கமும் துடைப்பேன். (அடுப்பு, குழந்தைகள் பக்கம் வேண்டாம், தீப்பிடிக்கும்.) மெழுகுப் பிசுக்கு இருந்தால் டேப் பிடிக்கவே பிடிக்காது! உலர்ந்ததும், கார்களுக்கான இருபக்க ஃபோம் டேப்பை ஒட்டி, நன்றாக அழுத்தித் தேய்ப்பேன்.

முழுப் பிடிப்பு வர 72 மணி நேரமாகும். அதுவரை காரைக் கழுவாதீங்க!