அப்பாவுக்காக 11 மாதம் மட்டும் பிரார்த்தனை... 12-வது மாதம் ஏன் கிடையாது? யூதர்களின் நரகக் கணக்கு!

யூதர் வீட்டில் அப்பாவோ அம்மாவோ இறந்தால், பிள்ளைகளுக்குத் துக்க காலம் 12 மாதம். தினமும் ஜெப ஆலயத்துக்குப் போய் 'காதிஷ்' என்ற பிரார்த்தனையைச் சொல்ல வேண்டும். ஆனா, பெரும்பாலானவர்கள் 11 மாதத்தோடு அதை நிறுத்திவிடுவார்கள். மிச்ச ஒரு மாதம் என்னாச்சு?

அதென்ன கணக்கு?

யூதர்களின் நரகத்துக்குப் பெயர் 'கெஹின்னோம்'. தீயவர்களுக்கு அங்கே தண்டனை 12 மாதம் என்கிறார் ரபி அகிவா. சுமார் கி.பி. 200-ல் தொகுக்கப்பட்ட 'மிஷ்னா' சட்ட நூலில் இது இருக்கு. இன்னொரு ரபியோ, ஏழு வாரம் போதும்னு சொல்லியிருக்கார்!

பிள்ளை சொல்லும் காதிஷ் பெற்றோரின் ஆன்மாவைக் கரையேற்றும் என்பது நம்பிக்கை. அப்போ 12 மாதமும் சொன்னால் என்ன அர்த்தம்? 'எங்கப்பா முழு தண்டனை அனுபவிக்கிற அளவுக்குப் பாவி'ன்னு ஊரைக் கூட்டிச் சொல்றது மாதிரி ஆயிடும். அதனால்தான் 11. போலந்தின் கிராகோவ் நகரில் வாழ்ந்த ரபி மோசஸ் இசர்லெஸ், 16-ம் நூற்றாண்டிலேயே இந்த வழக்கத்தை எழுதி வைத்திருக்கிறார்.

இதில் ஆச்சரியம், காதிஷில் சாவு பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. முழுக்க இறைவனைப் போற்றும் வரிகள்தான். தனியாகவும் சொல்ல முடியாது, பத்து பேர் கூடியிருக்கணும்.

நரகம் எங்கே இருக்கு?

ஜெருசலேமில்! பழைய நகரத்துக்குத் தெற்கே உள்ள இன்னோம் பள்ளத்தாக்குதான் கெஹின்னோம். அங்கே பிள்ளைகளை மோளேகுக்குத் தீயில் பலி கொடுத்ததாகவும், யோசியா மன்னர் அந்த இடத்தையே தீட்டாக்கி அதை ஒழித்ததாகவும் பைபிள் சொல்கிறது. அந்தக் கொடூரத்தின் பெயர்தான் நரகத்துக்கு ஒட்டிக்கொண்டது. இஸ்லாமியர் சொல்லும் 'ஜஹன்னம்' இதே சொல்லின் உறவுதான்.

அதற்கும் முந்தைய நம்பிக்கையில் நரகமே இல்லை. நல்லவர், கெட்டவர் எல்லோருக்கும் ஒரே இருட்டு உலகம், 'ஷியோல்'. தமிழ் பைபிளில் 'பாதாளம்' என்று வருவது இதுதான். மகன் யோசேப்பு இறந்துவிட்டதாக நம்பிய யாக்கோபு, துக்கத்தோடு அங்கேயே இறங்குவேன் என்று அழுகிறார்.

12 மாதம் எல்லோருக்குமா?

இல்லை. உள்ளே போனால் திரும்பாதவர்கள் என்று மூன்று பேரை தல்மூத் சொல்கிறது. பிறர் மனைவியோடு உறவு கொள்பவர், அடுத்தவரைப் பலர் முன்னால் அவமானப்படுத்துபவர், இன்னொருவருக்குக் கேவலமான பட்டப்பெயர் வைப்பவர்.